ஒத்தி என்று எழுதிய நிலம்

கொழிஞ்சாம்பாறை
14-6-1970

அன்புள்ள அண்ணன் அவர்களுக்கு,

தங்கை ராமாத்தாள் கும்பிட்டு எழுதுவது. இங்கே நானும் என் வீட்டுக்காரரும் பையன் அப்புசாமியும் சுகம். மாமனாருக்கு மட்டும் மூட்டுவலி. அங்கே மலைக்குளிர் எப்படி? உங்கள் வீட்டில் நங்கையாளுக்கு இருமல் நின்றதா? மகள் ராசம்மாள் பத்தாவது தேறிவிட்டாள் என்று கேட்டு மனசு நிறைந்துவிட்டது.

ஒரு விஷயம் கேட்கத்தான் எழுதுகிறேன். போன வாரம் ஒரு வக்கீல் குமாஸ்தா நம் வீட்டுக்கு, அதாவது என் மாமனார் வீட்டுக்கு, வந்திருந்தான். நான் மோர் கொண்டுபோனபோது பேச்சு காதில் விழுந்தது.

"ஐம்பது வருசம் உங்க கையில இருந்துதுன்னா போதுமுங்க. புதுச் சட்டத்துல ஒத்தியும் பாட்டம் மாதிரிதான். நிலம் உங்களுக்கே ஆயிரும்."

"ஐம்பது ஆகலீன்னா?" என்றார் மாமனார்.

"ஒத்தி எழுதுனதுக்கு முந்துன வருசமே வாய்ப் பாட்டமா உழுதோம்னு சொல்லிக்கலாமுங்க. இல்லைன்னு சொல்ல யாரு இருக்கா?"

நம் கிணற்றுத் தோட்டத்தைப் பற்றித்தான் பேசினார்கள், அண்ணா. அய்யனைப் பெற்ற நம் அப்பாரு இந்த வீட்டுக்கு எழுதிக்கொடுத்த அதே மூன்று ஏக்கர். நம் அய்யன் கடைசி வரைக்கும் கூலிக்கு நின்ற அதே மண். அவர்கள் பொள்ளாச்சிச் சந்தைக்குப் போன அன்று பெட்டியைத் திறந்து ஆதாரப் பத்திரத்தை எடுத்துப் பார்த்தேன். நாலாம் கிளாஸ் வரைக்கும் படித்த மலையாளம் அன்றைக்கு உதவியது. 'ஒற்றி' என்றுதான் எழுதியிருக்கிறது. பாட்டம் என்ற வார்த்தையே அதில் இல்லை. தேதி 1095 மீனம் 9. பதிவு நம்பரை இத்துடன் வைத்திருக்கும் காலண்டர் தாளில் குறித்திருக்கிறேன்.

ஒத்தி என்றால் சட்டத்தில் என்ன, பாட்டம் என்றால் என்ன என்று உங்கள் ஆபீஸில் படித்தவர்கள் யாரிடமாவது கேட்டு எழுதுங்கள்.

மற்றபடி மழை இன்னும் பிடிக்கவில்லை. நங்கையாளுக்கு என் அன்பு.

தங்கை,
ராமாத்தாள்


சித்திரபுரம்
2-7-1970

அன்புள்ள தங்கை ராமாத்தாளுக்கு,

அண்ணன் சின்னையன் ஆசீர்வாதத்துடன் எழுதிக்கொண்டது. எல்லோரும் நலம். இங்கே பத்து நாளாக மழை விடவில்லை. மரம் விழுந்து கம்பி அறுவதும் நாங்கள் ஏணியைத் தூக்கிக்கொண்டு ஓடுவதுமாக இருக்கிறது.

எங்கள் மின்சார போர்டு ஆபீஸில் சுவக்கீன் என்று ஒரு கிளார்க் இருக்கிறார். திருநெல்வேலிக்காரர், முன்னே வக்கீலிடம் குமாஸ்தாவாக இருந்தவர். உன் தாளைக் காட்டினேன். கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டார்.

"ஒத்தின்னா நிலத்தை வித்ததில்ல, பாத்துக்கிடுங்க. கடன் வாங்குனவன் வட்டி கட்டுறதுக்குப் பதிலா, கொடுத்தவன் வெள்ளாமையை எடுத்துக்கிடுவான். உடமை பழைய ஆளுக்குத்தான். அசலைக் கொண்டு வச்சா நிலம் திரும்பணும். பாட்டம்னா அப்படி இல்ல, அது குத்தகை. உழுதவனுக்கே நிலம்னு இப்ப சட்டம் வந்துட்டுல்லா, அதான் ஒத்தியைப் பாட்டம்னு சொல்லப் பாக்காவ."

வார்த்தை எங்கிருந்து வந்தது என்றும் கேட்டேன். பழைய கோயில் கல்வெட்டுகளிலேயே 'ஒற்றி' இருக்கிறதாம். ஒற்றுதல் என்றால் ஒட்ட வைப்பது, சேர்த்து வைப்பது. கடனுக்குப் பக்கத்தில் நிலத்தைச் சேர்த்து வைப்பதால் அந்தப் பெயர் என்று ஒருவர் சொன்னால் இன்னொருவர் வேறு சொல்வாராம். இங்கிலீஷில் மார்ட்கேஜ் என்பார்கள். பழைய பிரெஞ்சு பாஷையில் அதற்குச் 'செத்த அடகு' என்று பொருளாம். விளைச்சல் எவ்வளவு போனாலும் அசல் குறையாது, அதனால் நிலத்தைக் கொடுத்தவனுக்கு அது செத்த மாதிரி என்றார்.

இரண்டு விஷயம் முக்கியம் என்றார். 1095 மீனம் என்றால் 1920 மார்ச். சட்டம் வந்தது இந்த ஜனவரி ஒன்றாம் தேதி. ஐம்பது வருஷத்துக்கு மூன்று மாதம் குறைகிறது. அதனால்தான் அவர்களுக்கு வாய்ப் பாட்டம் தேவைப்படுகிறது. இரண்டாவது, இவ்வளவு பழைய ஒத்தியை மீட்க வழக்குப் போட இந்த டிசம்பர் முடியும் வரைதான் நேரம். அதற்குப் பிறகு கதவு சாத்தியாயிற்று.

கேட்டதை எழுதிவிட்டேன். ஆனால் ராமாத்தா, அது உன் வீடு. நாளைக்கு அந்த நிலம் அப்புசாமிக்குத்தானே வரப்போகிறது. யோசித்துப் பார்.

அண்ணன்,
சின்னையன்


கொழிஞ்சாம்பாறை
19-7-1970

அன்புள்ள அண்ணன் அவர்களுக்கு,

வணக்கம். உங்கள் கடிதம் வந்தது. வீட்டில் எல்லோரும் சுகம். நங்கையாளுக்குச் சுக்குப் பொடி அனுப்பியிருக்கிறேன்.

யோசித்துப் பார்க்கச் சொன்னீர்கள். பார்த்தேன். நம் தோட்டம் போன வருஷம் நாற்பது மூட்டை நிலக்கடலை கொடுத்தது. செத்தது எப்படிக் கொடுக்கும்?

அய்யன் மூன்று தடவை பணத்தோடு இந்த வீட்டு வாசலுக்கு வந்ததை நீங்கள் பார்த்திருக்கிறீர்கள். ஒரு தடவை வெள்ளாமை நிற்கிறது என்றார்கள். இன்னொரு தடவை ஆதாரத்தைத் தேட வேண்டும் என்றார்கள். மூன்றாம் தடவை, "குப்பண்ணா, பணத்தை உள்ள வை. உன்ற புள்ளையை எங்க காளிச்சாமிக்குக் குடு. அப்புறம் உன்ற நிலமென்ன, எங்க நிலமென்ன" என்றார் மாமனார். அய்யன் அந்தப் பணத்தில் எனக்கு நகை செய்தார். நிலத்தோடு என்னையும் சேர்த்து ஒத்தி வைத்துவிட்டு வீட்டுக்குப் போனார். மறு வாரமே அதே தோட்டத்துக்குக் களை வெட்ட வந்தார். சம்பந்தி என்று கூலி குறையவும் இல்லை, கூடவும் இல்லை.

அப்புசாமிக்கு வரும் என்கிறீர்கள். அவன் அப்பாருக்கு நாலு பேரன்கள். அது கிடக்கட்டும். அய்யன் இறந்தபோது நீங்களும் நானும்தான் வாரிசு. இப்போது பெண்ணுக்கும் பங்கு உண்டு என்று இந்த ஊர்ப் பள்ளிக்கூடத்துச் சரஸ்வதியம்மாள் டீச்சர் சொன்னார்கள். எனக்கு என் பங்கு என் மாமனார் கையால் வேண்டாம்.

சித்தூர் பதிவாபீஸில் நகலுக்கு மனுக் கொடுத்திருக்கிறேன். வழக்கை உங்கள் பெயரில் போடுவதுதான் முறை. ஆவணியில் ஒரு நாள் லீவு போட்டு வாருங்கள். வக்காலத்தில் ஒரு கையெழுத்து, அவ்வளவுதான்.

உங்கள் பதிலுக்குக் காத்திருக்கும்,
ராமாத்தாள்


கொழிஞ்சாம்பாறை
25-9-1970

அன்புள்ள அண்ணன் அவர்களுக்கு,

ஆடியில் ஒன்று, ஆவணியில் ஒன்று, இது மூன்றாவது கடிதம். முந்தைய இரண்டுக்கும் பதில் இல்லை. உங்கள் உடம்புக்கு ஒன்றும் இல்லையே? மழையில் கம்பத்தில் ஏறுகிறவர் என்பதால் கண்டதையும் நினைத்துப் பயப்படுகிறேன். ஒரு கார்டாவது போடுங்கள்.

இங்கே நான் சுகம். வீட்டில் எல்லோரும் சுகமாகத்தான் இருப்பார்கள்.

ஆதார நகல் கிடைத்துவிட்டது. 'இன்று முதல் கைவசம் கொடுத்து' என்று அதில் தெளிவாக இருக்கிறது. இன்று என்றால் மீனம் ஒன்பது. அதற்கு முந்தைய நாள் வரை நிலம் நம் அப்பாரு கையில்தான் இருந்தது என்று அவர்கள் வீட்டுப் பெரியவரே கையெழுத்துப் போட்டிருக்கிறார்.

இனிமேல் எனக்கு எழுதும் கடிதத்தைச் சரஸ்வதியம்மாள் டீச்சர் வீட்டு விலாசம் போட்டு அனுப்புங்கள். தபால்காரர் அந்தத் தெருவுக்குச் சீக்கிரம் வருகிறார்.

நாட்கள் போகின்றன, அண்ணா.

ராமாத்தாள்


சித்திரபுரம்
11-11-1970

அன்புள்ள அத்தைக்கு,

ராசம்மாள் வணங்கி எழுதுகிறேன். நான் எழுதுவது அய்யனுக்குத் தெரியாது. அம்மாவுக்குத் தெரியும். எல்லோரும் நன்றாக இருக்கிறோம். அய்யனுக்கு ஒன்றும் இல்லை, பயப்படாதீர்கள். உங்கள் கடிதங்களை அவர் படிக்காமல் இல்லை. படித்து, அரிசிப் பெட்டிமேல் வைத்துவிட்டு டூட்டிக்குப் போய்விடுகிறார்.

ஆகஸ்டு கடைசியில் காளிச்சாமி மாமா வந்திருந்தார். வெற்றிலை பாக்கு, பழம், எனக்கு ஒரு சேலை எல்லாம் கொண்டுவந்தார். "ராமாத்தாதான் அனுப்பி வெச்சா. ராசம்மாளை அப்புசாமிக்குக் கேக்கறோமுங்க. சீர், செனத்தி ஒண்ணும் வேண்டாம்" என்றார். அய்யனுக்குக் கண் கலங்கிவிட்டது. சாப்பிட்டு முடித்ததும் மாமா ஒரு தாளை எடுத்தார். தோட்டம் 1094 முதலே பாட்டத்தில் இருந்ததாகவும் அய்யனுக்கு ஆட்சேபணை இல்லை என்றும் அதில் இருந்தது. அய்யன் முழுவதும் படிக்கவில்லை. நான் படித்துக் காட்டினேன். கேட்டுவிட்டு வெற்றிலைத் தட்டைப் பார்த்தார். பிறகு கையெழுத்துப் போட்டார்.

உங்கள் செப்டம்பர் கடிதத்தில் பெண் கேட்டதைப் பற்றி ஒரு வார்த்தையும் இல்லை, அதைப் பார்த்த பிறகுதான் நீங்கள் அனுப்பியதாக மாமா சொன்னது பொய் என்று தெரிந்தது. அதற்குப் பிறகு அய்யனுக்கு எழுதக் கை வரவில்லை.

அப்புசாமி மச்சான்மேல் எனக்குக் கசப்பு ஒன்றும் இல்லை. ஆனால் அந்தத் தாளில் கையெழுத்துப் போட வைப்பதற்காக என்னைக் கேட்டது பிடிக்கவில்லை. சேலையைத் தபாலில் திருப்பி அனுப்பிவிட்டேன். நர்ஸ் டிரெயினிங்குக்கு எழுதிப் போட்டிருக்கிறேன்.

நீங்கள் ஏன் டீச்சர் வீட்டு விலாசம் கொடுத்தீர்கள் அத்தை?

அன்புடன்,
ராசம்மாள்


கொழிஞ்சாம்பாறை
20-12-1970

அண்ணன் அவர்களுக்கு,

நலமாக இருப்பீர்கள். நானும் நலம்.

வெள்ளிக்கிழமை முன்சீப் கோர்ட்டில் வழக்குப் போட்டுவிட்டேன். வாதி ராமாத்தாள். முதல் பிரதிவாதி என் மாமனார் பொங்கியண்ணன். இரண்டாவது என் புருஷன். மூன்றாவது நீங்கள். வாரிசுகளில் ஒருவர் சேராவிட்டால் இன்னொருவர் அவரையும் வழக்கில் சேர்க்க வேண்டும் என்று வக்கீல் சொன்னார். சம்மன் வரும். பயப்பட வேண்டாம்.

குமாஸ்தா என் பெயரை எழுதியபோது, "புருசனையும் மாமனாரையும் எதிர்த்தாம்மா? வேற யார் பேர்லயாவது போடக்கூடாதா?" என்று கேட்டார். "எங்கண்ணன் பேர்ல போடலாம்னுதான் ஆறு மாசம் பார்த்தேனுங்க" என்றேன். கோர்ட் செலவுக்கு அய்யன் போட்ட வளையல் இரண்டையும் விற்றேன். நிலத்தை மீட்க அவர் சேர்த்த பணம்தானே அது. இருபத்திரண்டு வருஷம் கழித்து அதே வேலைக்குப் போயிருக்கிறது.

நீங்கள் கையெழுத்துப் போட்டது எனக்குத் தெரியும். யார் சொன்னார்கள் என்று கேட்காதீர்கள். பொய் சொல்லி வாங்கினார்கள் என்பதும் தெரியும். நான் வருத்தப்படுவது அதற்கு இல்லை. அய்யனை மடக்க என்னைக் கேட்டார்கள். உங்களை மடக்க உங்கள் மகளைக் கேட்டார்கள். அதே வீடு, அதே வெற்றிலைத் தட்டு. அது கண்ணுக்குத் தெரிந்தும் நீங்கள் பேனாவைத் திறந்தீர்களே.

வழக்கைத் திரும்ப எடுக்க மாட்டேன். யார் சொன்னாலும் எடுக்க மாட்டேன்.

ராமாத்தாள்


சித்திரபுரம்
3-2-1971

ராமாத்தாளுக்கு,

எல்லோரும் சௌக்கியம். சம்மன் ஆபீஸுக்கே வந்தது. இன்ஜினீயர் முன்னால் கையெழுத்துப் போட்டு வாங்கினேன். பதினெட்டு வருஷ சர்வீஸில் என்னை யாரும் இப்படிப் பார்த்ததில்லை.

நான் பெண்ணைப் பெற்றவன். அதற்குமேல் எழுத ஒன்றுமில்லை. நீ எனக்கு எழுத வேண்டாம்.

சின்னையன்


கொழிஞ்சாம்பாறை
8-3-1972

அன்புள்ள அண்ணன் அவர்களுக்கு,

எழுத வேண்டாம் என்றீர்கள். ஒரு வருஷம் எழுதவில்லை. நங்கையாளும் ராசம்மாளும் நலமாக இருக்க வேண்டும் என்று தினமும் நினைக்கிறேன். நான் சுகம்.

பாட்டமா ஒத்தியா என்பதை மட்டும் முடிவு செய்ய வழக்கை லேண்ட் ட்ரிப்யூனலுக்கு அனுப்பியிருக்கிறார்கள். நேற்று என்னை விசாரித்தார்கள். மாமனாரும் என் வீட்டுக்காரரும் முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார்கள். அவர்கள் வக்கீல் பாதி மலையாளத்திலும் பாதித் தமிழிலும் கேட்டார்.

"ஒத்தி, ஒத்தின்னு பறயுதே. ஒத்தின்னா அர்த்தம் என்னான்னு அறியுமோ?"

சுவக்கீன் சொன்னதெல்லாம் தொண்டை வரை வந்தது. ஆனால் வாயிலிருந்து வேறு ஒன்று வந்துவிட்டது.

"அறியுமுங்க. இந்த ஊட்டுக்கு மருமகளா வந்த அன்னிக்கு வாசப்படியில நின்னேன். மாமியாரு 'கொஞ்சம் ஒத்தி நில்லு'ன்னாங்க. ஒத்தி நின்னேன். அதுக்காக ஊரை விட்டே போயிட்டேன்னு அர்த்தமுங்களா? எங்க அப்பாரும் நிலத்தைக் கொஞ்ச காலத்துக்கு ஒத்தி வெச்சாரு. உட்டுக் குடுக்கலீங்க."

அதிகாரி தலையைத் தூக்கிப் பார்த்துவிட்டு எழுதிக்கொண்டார். வக்கீல் விடவில்லை.

"நிலம் போனா நஷ்டம் உன்ற பையனுக்குத்தானே?"

"என்ற பையனுக்கு நிலம் வேணும்னா எங்கிட்ட வந்து கேக்கட்டுமுங்க. நான் அவனுக்கு ஆத்தா. அவுங்கப்பாருகிட்ட எதுக்குக் கேக்கோணும்?"

பிறகு உங்கள் கையெழுத்துள்ள தாளைக் காட்டினார்கள். சொந்த அண்ணனே 1094 முதல் பாட்டம் என்று ஒப்புக்கொண்டிருக்கிறாரே என்றார்கள். இது என் அண்ணன் கையெழுத்துதான் என்று சொன்னேன். பொய் சொல்ல முடியாது. விசாரணையை ஏப்ரல் பத்தாம் தேதிக்கு ஒத்திவைத்தார்கள்.

உங்களை வரச் சொல்லி இதை எழுதவில்லை. தேதியைச் சொல்லத்தான் எழுதுகிறேன்.

ராமாத்தாள்


சித்திரபுரம்
17-4-1972

அன்புள்ள தங்கை ராமாத்தாளுக்கு,

நல்லபடியாக வந்து சேர்ந்தேன். கோபாலபுரம் செக்போஸ்டில் அரிசி மூட்டைக்காக பஸ்ஸை ஒரு மணி நேரம் நிறுத்திவிட்டார்கள். உடுமலையில் மலை பஸ் தவறி, மறுநாள் காலையில்தான் கிடைத்தது. உன்னோடு நேரில் பேச முடியாததை எல்லாம் அந்த ஸ்டாண்டில் உட்கார்ந்து யோசித்தேன்.

நான் சாட்சிக் கூண்டில் சொன்னதை நீ கேட்டாய். கையெழுத்து என்னுடையது, வாசகம் என்னுடையது இல்லை, 1094இல் நான் பிறக்கவே இல்லை, எனக்கு எப்படித் தெரியும் என்றேன். எதற்காகப் போட்டாய் என்று கேட்டார்கள். மகளுக்குச் சீர் இல்லாமல் கல்யாணம் செய்யலாம் என்று ஆசைப்பட்டேன் என்றேன். காளிச்சாமி மாப்பிள்ளை தலையைக் குனிந்துகொண்டார். நானும் குனிந்துகொண்டேன்.

வெளியே வந்ததும் கூட்டத்தில் உன்னைக் காணாமல் உன் வீட்டுக்குப் போனேன். "ஆத்தா இங்க இல்லீங்க மாமா" என்றான் அப்புசாமி. எத்தனை நாளாக என்று கேட்டேன். அவன் சொன்ன கணக்கை நம்பாமல் டீச்சர் வீட்டுக்கு வந்தேன். நீ வருவதற்கு முன்பே, எருமைக் கொட்டிலை ஒட்டிய அறையில் உன் பாயையும் இரண்டு சேலையையும் பார்த்தேன். நகல் கேட்டு மனுக் கொடுத்த மறு மாதமே உன்னை வெளியே அனுப்பிவிட்டார்கள் என்று டீச்சர் சொன்னார்கள். இருபது மாதம், ராமாத்தா. அத்தனை கடிதத்திலும் சுகம், சுகம் என்றுதானே எழுதினாய். அந்த ஆகஸ்டில்தான் நான் மாப்பிள்ளை கொண்டுவந்த பழத்தைத் தின்றுகொண்டு கையெழுத்துப் போட்டேன்.

சம்மன் வந்த அன்றைக்கே சுவக்கீன் சொன்னார். "உம்ம தங்கச்சி உம்மை எதிரின்னு போடல ஓய். பங்குள்ளவர்னு போட்டிருக்கா. சம்மனை ஒழுங்கா வாசியும்." ஒரு வருஷம் நான் வாசிக்கவே இல்லை.

ராசம்மாளுக்கு டிரெயினிங் கிடைத்துவிட்டது. ஜூனில் சேருகிறாள். நீதான் முதல் கடிதம் எழுத வேண்டுமாம்.

உன் நங்கையாள் ஒரு கம்பளி அனுப்பியிருக்கிறாள். அங்கே வெயில் என்றேன். கேட்கவில்லை.

அண்ணன்,
சின்னையன்


கிணற்றுத் தோட்டம், கொழிஞ்சாம்பாறை
24-6-1973

அன்புள்ள அண்ணன் அவர்களுக்கு,

வணக்கம். நான் சுகம். இந்த முறை நிஜமாகவே சுகம். உங்கள் முழங்கால் எப்படி இருக்கிறது? இனிமேல் கம்பத்தில் ஏற இளவட்டங்களை அனுப்புங்கள்.

பாட்டம் இல்லை, ஒத்திதான் என்று ட்ரிப்யூனல் சொன்னதையும் கோர்ட் தீர்ப்பையும் முன்பே எழுதினேன். நீங்கள் அனுப்பியதோடு சேர்த்து ஒத்திப் பணத்தைக் கட்டினேன். ஜூன் நாலாம் தேதி கோர்ட் ஆமீன் வந்து நாலு மூலையும் நடந்து, நிலத்தை என்னிடம் ஒப்படைத்தார்.

மாமனார் கிணற்றடியில் நின்றிருந்தார். எல்லோரும் போன பிறகு கிட்டே வந்தார்.

"நிலம் வந்துருச்சு. ஏரு எங்க? ஆளு எங்க? எங்களுக்கே பாட்டத்துக்கு உட்டுரு, ராமாத்தா. வருசா வருசம் கடலையைக் கொண்டு வந்து போட்டர்றோம்."

"புதுசாப் பாட்டம் எழுதக்கூடாதுன்னு சட்டமே இருக்குதுங்க மாமா. உங்க வக்கீலைக் கேட்டுப் பாருங்க."

அவர் கொஞ்ச நேரம் என்னைப் பார்த்தார். சிரிப்பு மாதிரி ஒன்று வந்து போனது. கோலை ஊன்றிக்கொண்டு போய்விட்டார். மறுநாள் விடிந்ததும் அப்புசாமி இரண்டு மாட்டை ஓட்டிக்கொண்டு வந்தான். அப்பாரு சொன்னாரா என்றேன். "வேண்டாம்னுதான் சொன்னாரு" என்று ஏரைப் பூட்டினான்.

கிழக்குப் பாதி உங்களுடையது. கல் நட்டிருக்கிறேன். விற்பதானால் எனக்கு முதலில் சொல்லுங்கள். விற்காதீர்கள் என்று சொல்ல எனக்கு உரிமை இல்லை, ஆனால் சொல்கிறேன்.

வில்லேஜ் ஆபீஸில் நிலத்துக்குக் கரம் கட்டப் போனேன். ரசீதில் 'காளிச்சாமி மனைவி' என்று எழுதப் போனார்கள். 'குப்பண்ணன் மகள்' என்று எழுதச் சொன்னேன். எல்லாப் பெண்களுக்கும் புருஷன் பெயர்தான் போடுகிறோம் என்றார் எழுதுகிறவர். "அவுங்க நிலமெல்லாம் புருசன் வழியில வந்ததுங்க. இது என்ற அய்யன் வழியில வந்தது" என்றேன். எழுதினார்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். என் வீட்டுக்காரர் மூன்று நாளாக மத்தியானத்தில் வரப்பு வரைக்கும் வந்து நிற்கிறார். உள்ளே வருவதில்லை. நேற்று நானே போனேன்.

"வீட்டுக்கு வந்துரு" என்றார்.

"நான் இங்க குடியிருக்கச் சாளை போட்டுட்டனுங்க. நீங்க வேணும்னா வாங்க."

"வந்து? உன்ற தோட்டத்துல கூலிக்கு நிக்கட்டுமா?"

"கூலிக்கு வேண்டாம். பாட்டத்துக்கும் வேண்டாம். என்ற புருசனா வர்றதா இருந்தா வாங்க. ராசம்மாளைக் கேட்டுப் போனது தப்புன்னு எங்கண்ணன்கிட்ட ஒரு வார்த்தை சொல்லீட்டு வாங்க."

வரப்போடு திரும்பிப் போனார். இன்று வரவில்லை. வந்தாலும் வரலாம், வராமலும் போகலாம். இருபது வருஷத்துக்கு மேல் கூட இருந்தவர், எனக்கு வருத்தம் இல்லை என்று எழுதினால் அது பொய். ஆனால் நேற்று ராத்திரி நல்ல மழை. மண் பதமாக இருக்கிறது. அவர் முடிவு செய்யட்டும் என்று விதைப்பை நிறுத்தி வைக்கவில்லை. இன்று காலையிலேயே கடலை போட ஆரம்பித்துவிட்டோம்.

நங்கையாளுக்கு என் அன்பைச் சொல்லுங்கள். ராசம்மாளுக்குத் தனியாக எழுதுகிறேன்.

தங்கை,
ராமாத்தாள்